தலைவர் ஜீப்புக்கு மூன்று ஆன்டெனா

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பள்ளிச் சான்றிதழில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி அவர் எல்லோருக்கும் முள்ளு. வயதில் சின்னவர்களுக்கு முள்ளண்ணன்.

வண்டிகளில் வயர்லெஸ் செட் மாட்டுவது அவருடைய தொழில். மாட்டிய ஆன்டெனா சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு மீட்டர் உண்டு. அந்த மீட்டரில் ஒரு முள் உண்டு. மைக் பட்டனை அமுக்கினால், ஆன்டெனாவுக்கு அனுப்பிய சக்தியில் எவ்வளவு வெளியே போக மனமில்லாமல் திரும்பி வருகிறது என்று அந்த முள் காட்டும். நிறையத் திரும்பினால் முள் துள்ளும், செட் சூடேறி உயிரை விடும். ஒன்றுமே திரும்பாவிட்டால் முள் படுத்த இடத்தில் படுத்திருக்கும். ஆக, முள் அசையக் கூடாது. இந்த ஒன்றைத் தவிர உலகத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் இல்லை என்பது அவர் கட்சி. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரைப் பார்த்து, “கேபிள்ல எங்கயோ ஈரம்” என்பார் என்று அவர் மனைவி சொல்வதுண்டு. அது கொஞ்சம் மிகை. கொஞ்சம்தான்.

ஆரம்பத்தில் அவர் டாக்சிக் கம்பெனியில் செட் மாட்டினார். எல்லோர் பையிலும் போன் வந்து உட்கார்ந்தபோது டாக்சிக்காரர்கள் செட்டைக் கழற்றி எறிந்தார்கள். கடைசியில் அவருக்கு மிஞ்சியது ஒரே ஓர் இனம்: நல்ல தார் ரோடு இருக்க அதை விட்டு இறங்கி, போன் சிக்னல் எட்டாத மலைக்குப் போய், வண்டியைச் சேற்றில் புதைத்து, இன்னொரு வண்டியால் இழுத்து வெளியே எடுத்து, அதற்குத் தாங்களே கைதட்டிக்கொண்டு வீடு திரும்பும் கனவான்கள். இவர்களுக்கு ஒரு கழகம் இருந்தது. கரடுமுரடு கழகம் என்று பெயர். உறுப்பினர்கள் எல்லோரும் வீட்டில் மெத்தென்ற சோபாவில் உட்காருகிறவர்கள் என்பதால் பெயராவது கரடுமுரடாக இருக்கட்டும் என்று வைத்திருக்கலாம்.

முள்ளுவின் கடை ஒரு தகரக் கொட்டகை. பாதி அவருடையது, மறு பாதியில் அவர் மனைவி வண்டி சீட்டுக்கு உறை தைத்தாள். அவளுடைய மெஷின் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். அவருடைய பாதியில் ஓடியது மின்விசிறி மட்டும்தான்.

இதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவர் ஒருவர் இருந்தார். அவர் முள்ளுவின் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். கடைத்தெரு முனையில் பெரிய டைல்ஸ் கடை வைத்திருந்தார். கண்ணாடிக் கதவு, ஏசி, ஊழியர்களுக்கு இளநீலச் சீருடை, நெஞ்சில் கடையின் பெயர். தங்கை புருஷனுக்கு ஒரு வழி செய்யாமல் கண்ணை மூட மாட்டேன் என்று அவர் சபதம் எடுத்திருந்தார். யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

“மாப்ள, கதவுகிட்ட நின்னு ‘வாங்க சார், உள்ள பாருங்க’ன்னு சொன்னா போதும். ஏசி காத்து. உங்களுக்கு என்ன குறை?” என்பார்.

“நான் டைல்ஸைப் பத்தி என்ன சொல்லுவேன் மச்சான்?”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். சிரிச்சா போதும். அதுவும் பழகிடும்.”

முள்ளு சிரித்துப் பழகத் தயாராக இல்லை. ஆனால் மனைவி ஒரு நாள் மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “என்னங்க, கழகத்து வண்டிங்க நம்ம கிட்ட வந்தா கடை இருக்கட்டும். வரலைன்னா அண்ணன் சொல்றதைக் கேளுங்க. மின்விசிறிக்குத் துணையா எத்தனை வருஷம் உக்காந்திருப்பீங்க?” அவள் மெஷினை நிறுத்திவிட்டுப் பேசினால் அது தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

அந்த வாரமே கழகத் தலைவர் ஜீப்பை ஓட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். தலைவர் மெத்தை வியாபாரி. பேச்சும் மெத்தை மாதிரி. உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாது. இதுவரை கைக்கு அடக்கமான சின்ன செட் ஒன்றில் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சின்ன செட்டிலேயே மலை ஏறுகிற நேரம் முழுக்க, இடது பக்கம் பார், வலது பக்கம் விடு, நான் அந்தக் காலத்தில் இதே பாறையை ரிவர்ஸில் ஏறினேன் என்று எல்லோருடைய ஸ்பீக்கரிலும் குடியிருப்பார். தான் பேசும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது என்று கழகத்தில் விதியே உண்டு. யாரும் மதிக்காததால் அதைப் பற்றியும் செட்டிலேயே நீளமாகப் பேசுவார்.

“பெரிய செட்டா போடுப்பா. ஆன்டெனா மூணு வேணும்” என்றார்.

“ஒண்ணு போதும் சார். செட்டு ஒண்ணுதானே.”

“மத்த ரெண்டு?”

“அதைத்தான் சார் நானும் கேக்கறேன். எதுக்கு?”

“பாக்கறதுக்கு எப்படி இருக்கும், சொல்லு. முன்னாடி பம்பர்ல ரெண்டு, கூரையில ஒண்ணு. வண்டி வர்றதுக்கு முன்னாடி ஆன்டெனா வரணும்.”

முள்ளு வாதாடவில்லை. எதிலும் சேராமல் நிற்க இரண்டு கம்பியை மாட்டுவதில் அவருக்கு என்ன நஷ்டம். தலைவர் போகும்போது, “இது சரியா அமைஞ்சா கழகத்து வண்டி அத்தனைக்கும் நீதான்” என்றார். கொட்டகையின் மறு பாதியில் தையல் மெஷின் ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது.

வேலையில் முள்ளுவைக் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல அவர் விடவும் மாட்டார். கரண்டை, வண்டிக்குள் சிகரெட் லைட்டர் சொருகும் துளையிலிருந்து எடுத்தால் இன்ஜினின் முனகல் எல்லாம் ஸ்பீக்கரில் கேட்கும் என்று நேராக பேட்டரியிலிருந்து எடுத்தார். அதன் பக்கத்திலேயே ஃப்யூஸ். இரும்புத் தகட்டைத் துளைத்த இடத்தில் கேபிள் அறுபடாமல் ரப்பர் வளையம். செட்டிலிருந்து வரும் கேபிளைத் தரைவிரிப்புக்கு அடியில் ஓட்டி, பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகை மறைவில், கூரை ஆன்டெனாவிலிருந்து இறங்கும் கேபிளோடு சேர்க்க வேண்டும். கூரையில் ஆன்டெனாவின் அடியைச் சுற்றிப் பூசிய பசை இன்னும் காயவில்லை. காயும் வரை சும்மா இருப்பானேன் என்று, பின்னால் வந்து நின்ற கேபிள் முனையில் டம்மியைத் திருகினார்.

டம்மி என்பது டம்ளர் அளவு தகர டப்பா. ஆன்டெனா இல்லாமல் பட்டனை அமுக்கினால் சக்தி திரும்பிச் செட்டைச் சுட்டுவிடும் அல்லவா, அதனால் ஆன்டெனாவுக்குப் பதிலாக இதை மாட்டிச் சோதிப்பார்கள். வருகிற சக்தி அத்தனையையும் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். எதையும் திருப்பித் தராது, வெளியேயும் விடாது, வெளியிலிருந்து வருவதைக் காதிலும் வாங்காது. சில உறவினர்களைப் போல.

சரியாக அந்த நேரம் மச்சான் இஞ்ச் டேப்போடு வந்தார்.

“மாப்ள, சீருடை தைக்கக் குடுக்கணும். இடுப்பு அளவு எடுத்துட்டுப் போயிடறேன். கையைத் தூக்குங்க.”

“இப்பவே என்ன மச்சான் அவசரம்?”

“துணி தீர்ந்துடும். இளநீலம் கிடைக்கறதில்ல.”

முள்ளு கையைத் தூக்கவில்லை. மச்சான் விடவில்லை. ஜீப்பைச் சுற்றி டேப் ஒரு பக்கமும் இடுப்பு ஒரு பக்கமுமாக இரண்டு சுற்று நடந்தது. இந்த ரகளையில் முள்ளு, ஆத்திரத்தில், பின்சீட்டுப் பலகையை மூடி ஸ்க்ரூ எல்லாவற்றையும் இறுக்கிவிட்டார். டம்மி உள்ளே. கூரை ஆன்டெனாவின் கேபிளும் உள்ளே, யாரோடும் சேராமல்.

பிறகு முன்னால் வந்து, மீட்டரை மாட்டி, பட்டனை அமுக்கினார். முள் அசையவில்லை. மறுபடி அமுக்கினார். உயிர் போன மாதிரி கிடந்தது. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு முள்ளை அவர் பார்த்ததில்லை. எவ்வளவு நல்ல ஆன்டெனாவுக்கும் ஒரு மயிரிழையாவது அசையும்.

“மச்சான், இங்க வாங்க. பாருங்க.”

“எதைப் பாக்கணும்? ஒண்ணும் நடக்கலையே.”

“அதான் மச்சான். ஒண்ணும் நடக்கல.” மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்து பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். மாலையில் தலைவர் வந்தபோது அவருக்கும் காட்டினார். தலைவர் அதைப் போட்டோ எடுத்துக் கழகத்து ஆட்கள் எல்லோருக்கும் அனுப்பினார். அசையாத முள்ளின் போட்டோவுக்கும் கெட்டுப்போன மீட்டரின் போட்டோவுக்கும் வித்தியாசம் தெரியாததால் எல்லோரும் வாழ்த்து சொன்னார்கள். கொட்டகை வாசலில் நின்ற, கழகத்து உறுப்பினரான பல் டாக்டரம்மாவின் ஜீப்போடு பேசிப் பார்த்ததில் குரல் கணீரென்று கேட்டது. இருபதடி தூரத்துக்கு டம்மியிலிருந்து கசிகிற சக்தியே போதும் என்பது முள்ளுவுக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கழகம் மலைக்குப் புறப்பட்டது. முள்ளுவையும் குடும்பத்தையும் தலைவரே அழைத்திருந்தார். வரிசையில் கடைசி வண்டி டாக்டரம்மாவுடையது. அதன் முன்சீட்டில் முள்ளு; பின்சீட்டில் அவர் மனைவியும் மச்சானும். மச்சான், தோல்வி ஏதாவது நடந்தால் ஆறுதல் சொல்ல ஆள் வேண்டுமே என்று வந்திருந்தார்.

தலைவர் எல்லோருக்கும் முன்னால் பறந்தார். மூன்று ஆன்டெனாவும் வளைந்து ஆடின, வண்டியே ஏதோ பெரிய வண்டு மாதிரி இருந்தது. முதல் வளைவு வரை, “எல்லாரும் கவனமா கேளுங்க, நான் சொல்றபடி…” என்று கேட்டது. வளைவைத் தாண்டியதும் செட் அமைதியானது.

ஒரு வளைவு, இன்னொரு வளைவு. அமைதி.

“அண்ணே, செட்டு ஓடுதா?” என்று டாக்டரம்மா கேட்டாள்.

“ஓடுதும்மா.” முள்ளுவுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் வரிசை நடுவிலிருந்து யாரோ தயங்கித் தயங்கி, “தலைவர் பேசறாரா?” என்றார்.

“எனக்குக் கேக்கல.”

“எனக்கும் கேக்கல.”

ஒரு நிமிடம் மரியாதைக்காக எல்லோரும் மௌனமாக இருந்தார்கள். அப்புறம் ஒருவர் பாட ஆரம்பித்தார். இன்னொருவர் தன் மாமியார் ஊருக்குப் போன கதையைச் சொன்னார். யாரும் இடது வலது சொல்லாததால் அவரவர் கண்ணால் பாதையைப் பார்த்து ஓட்டினார்கள். ஒருவர் வண்டியும் சிக்கவில்லை. வழக்கமாக ஒரு மணி நேரம் தின்கிற ஓடையைப் பேச்சுவாக்கில் தாண்டினார்கள். கழகம் தோன்றிய நாள் முதல் இப்படி ஒரு பயணம் அமைந்ததில்லை.

முள்ளு மட்டும் கருவிப் பையைக் குடைந்துகொண்டிருந்தார். மற்றவர்களுக்கும் கேட்கவில்லை என்பதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், கோளாறு டாக்டரம்மாவின் செட்டில்தான் என்று நிரூபிக்க, அதைச் சோதிக்க வேண்டும்; அதற்கு டம்மி வேண்டும். பையில் டம்மி இல்லை. பையைக் கவிழ்த்துப் பார்த்தார். டம்மி இல்லை. பிறகு அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. வாழ்நாளின் மிகச் சிறந்த முள் ஏன் அசையவில்லை என்பதும் கூடவே தெரிந்தது. கையில் கிடைத்த ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மதியம் மேட்டில் எல்லோரும் இறங்கிச் சாப்பிட்டார்கள். தலைவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. “இன்னிக்குத்தான்யா கழகம் கழகமா இருந்துது. நான் பேசப் பேச ஒருத்தர் குறுக்க பேசல. ஓடையில நான் சொன்ன மாதிரி இடது பக்கம் பிடிச்சீங்க இல்ல?”

“பிடிச்சோம் தலைவரே” என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில். அந்த ஒற்றுமையும் புதிது.

முள்ளு அருகில் போனார். “சார், உங்க செட்டுல ஒரு சின்ன…”

“தெரியும்ப்பா. அருமை. எல்லா வண்டிக்கும் இதே மாதிரி பண்ணிடு. அச்சு அசலா இதே மாதிரி.”

முள்ளு வாயை மூடிக்கொண்டார். கடை பிழைத்துவிட்டது. சாயங்காலம் கொட்டகைக்குப் போய்ப் பலகையைத் திறந்து டம்மியை எடுத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. அத்தனை சுலபமாக முடிந்திருந்தால் இதை யார் சொல்லப் போகிறார்கள்.

இறங்கும்போதும் தலைவர்தான் முன்னால் போனார். அடிவாரத்தில் எல்லா வண்டியும் வந்து சேர்ந்தது; தலைவர் வண்டியைக் காணோம்.

“வீட்டுக்குப் போயிருப்பார். பெரிய மனுஷன், நமக்காகக் காத்திருப்பாரா?” என்றார் ஒருவர்.

“சிக்கியிருந்தா செட்டுல கூப்பிட்டிருப்பாரே” என்றார் இன்னொருவர். “அவர் கூப்பிடாம இருக்கிற ஆளா?”

அதில் நியாயம் இருந்ததால் எல்லோரும் வண்டியைக் கிளப்பினார்கள். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மேலே பார்த்தால் மலையின் பாதி நிழலுக்குள் போய்விட்டது. முள்ளு சுற்றிலும் பார்த்தார். அந்த மனிதர் எங்கேயோ ஒரு பள்ளத்தில் கிடந்து தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கலாம். கத்துவது அத்தனையும் தகர டப்பா விழுங்கிக்கொண்டிருக்கும். இது தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவர்தான். அந்த ஒருவருக்குப் பின்னால் மச்சான் உட்கார்ந்திருந்தார்.

முள்ளு மைக்கை எடுத்தார்.

“எல்லாரும் நில்லுங்க. தலைவர் கூப்பிட்டாலும் கேக்காது. அவர் செட்டு ஊமை. ஆன்டெனாவைச் சேக்காம விட்டுட்டேன். தப்பு என்னோடது.” பட்டனை விட்டார். திரும்பாமலே, “மச்சான், இடுப்பளவு எடுத்துக்கோங்க” என்றார்.

மச்சான் டேப்பைத் தேடிப் பையைத் தடவினார். மனைவி மெதுவாக, “முதல்ல அந்த ஆளைத் தேடுங்க. இடுப்பு எங்க ஓடிப் போகுது” என்றாள்.

வண்டிகள் திரும்பின. ஓடை இரண்டாகப் பிரியும் இடத்தில் எல்லோரும் வலது பக்கம் வந்திருக்க, இடது பக்கம் அகலமான ஒற்றைத் தடம் போயிருந்தது. டாக்டரம்மா அந்தத் தடத்திலேயே விட்டாள். ஒரு திருப்பம் தாண்டியதும் செட் கரகரத்தது.

“…இடது பக்கம்… அப்படித்தான்… பாறையை ஒட்டி வாங்க… சரியா வர்றீங்க…”

கதவு பாதி வரை சேற்றில் ஜீப் நின்றது. மூன்று ஆன்டெனாவும் நிமிர்ந்து நின்றன. உள்ளே தலைவர், குரல் தேய்ந்து தகரத்தில் ஆணி கீறுவது மாதிரி ஆகியும் மைக்கை விடவில்லை. தன்னை எப்படி மீட்க வேண்டும் என்று அவர் வகுப்பெடுக்க ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருந்தது.

“பாத்தியாப்பா?” என்றார் முள்ளுவைக் கண்டதும். “மலை அடிவாரத்துலேர்ந்து ஒவ்வொரு திருப்பமா சொல்லிச் சொல்லி உங்களைக் கூட்டிட்டு வந்துட்டேன். என்ன செட்டு. என்ன ஆன்டெனா.”

“சார், இல்ல சார். நீங்க சொன்னது எதுவும் எங்களுக்குக் கேக்கல. நான்தான் டம்மியை…”

“அடக்கம் வேணும்ப்பா, வேணாங்கல. அதுக்காக இப்படியா?”

“சார், நிஜமா…”

“தொழில் ரகசியத்தை எல்லார் முன்னாடியும் சொல்லாத. நாளைக்கே மத்த வண்டிங்களை ஆரம்பிச்சுடு.” குரல் அத்துடன் நின்றுவிட்டது. மீதியைக் கையால் பேசினார்.

ஆக, கழகத்து வண்டிகள் அத்தனையும் கொட்டகைக்கு வந்தன. மச்சான் இளநீலத் துணியை வேறு யாருக்கோ தைக்கக் கொடுத்தார். ஆனால் வண்டி விடுவதற்கு வந்த ஒவ்வொருவரும் முள்ளுவைத் தனியாகக் கூட்டிப் போய் ஒரே விண்ணப்பத்தை வைத்தார். முதலில் வந்தது டாக்டரம்மா.

“அண்ணே, எங்க வண்டிக்கெல்லாம் எப்படி வேணா பண்ணுங்க. தலைவர் வண்டியில மட்டும் அந்த டப்பா இருக்கட்டுமே. நாங்க எல்லாருமா சேந்து கேக்கறோம்.”

“முடியாதும்மா. மனுஷன் மறுபடி பள்ளத்துல கிடந்தா?”

“நாங்க தேடிக்கறோம்.”

“கூப்பிட்டா கேக்கணும். இல்லைன்னா நான் எதுக்கு, ஒரு கயிறு கட்டி இழுத்துக்கலாம்.”

தலைவர் ஜீப்பின் பலகையைத் திறந்து டம்மியை எடுத்தார். ஆன்டெனாவைச் சேர்த்தார். மீட்டரில் முள் ஒரு மயிரிழை எழுந்து உட்கார்ந்தது. நேர்மையான முள். அதைக் கொஞ்ச நேரம் கசப்போடு பார்த்தார். அப்புறம், டாக்டரம்மாவின் முகம் ஞாபகம் வந்ததாலோ, வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் தானும் அதே ஸ்பீக்கருக்கு அருகில் உட்கார வேண்டும் என்பதாலோ, செட்டின் சக்தியை ‘லோ’ என்ற இடத்துக்குத் திருப்பினார். அடுத்த வண்டிக்கு நன்றாகக் கேட்கும். அதற்கடுத்ததற்குக் கேட்டும் கேட்காமலும். ஆபத்துக்கு ஒரு வண்டி போதும்.

யார் அந்த அடுத்த வண்டி என்பதில் கழகம் பிளவுபடும் நிலை வந்தது. பல் வலி, இடுப்பு வலி, வீட்டில் விருந்தாளி என்று ஆளாளுக்குக் காரணம். அந்த நெருக்கடியில்தான் மச்சான் கழகத்தில் சேர்ந்தார். தங்கை புருஷன் வியாபாரம் செழிக்கிற இடத்தில் தான் இல்லாவிட்டால் எப்படி என்று புது ஜீப் வாங்கியிருந்தார். எல்லோரும் ஒரு மனதாக அவரைத் தலைவருக்கு நேர் பின்னால் நிறுத்தினார்கள்.

சில ஞாயிறுகள் கழித்து மச்சான் கொட்டகைக்கு வந்தார். ஒரு காதில் பஞ்சு.

“மாப்ள, தலைவர் மலை ஏறி இறங்கற வரைக்கும் என்கிட்டயே பேசறார். வேற யாரையும் கூப்பிடறதே இல்ல.” சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அடுத்த தலைவர் நான்தான்னு முடிவு பண்ணிட்டார் போல.”

முள்ளு ஒரு கனெக்டரை வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது.

“ஆமாண்ணே” என்றாள் அவர் மனைவி. “இடத்தை மட்டும் யாருக்கும் விட்டுக் குடுத்துடாதீங்க.”